உயிர் வராத விளையாட்டுப் பெட்டி

மச்சான் கையால் ஒரு திருகாணி கூடத் திருகப்படக் கூடாது. நம்மவர் எடுத்த சபதம் இதுதான். பெட்டி அவருடையது, திருகாணி அவருடையது, போனால் போகப் போகிற மானமும் அவருடையது.

பெட்டி என்றால் சின்னப் பெட்டி இல்லை. காசு போட்டு, நின்றுகொண்டே ஆடுவார்களே, அந்தக் காலத்து வீடியோ கேம் பெட்டி. பீரோ அளவு இருக்கும். உள்ளே பழைய டிவியில் இருக்கிற மாதிரி கனத்த பிக்சர் ட்யூப், முன்னால் ஒரு கைப்பிடி, இரண்டு பட்டன். இழுத்து மூடிய ஒரு விளையாட்டுக் கடையிலிருந்து நம்மவர் அதை வாங்கி வந்திருந்தார். சரக்குக் கிடங்கில் கணக்குப் பார்க்கிறவர் அவர். நாள் முழுக்க மூட்டையை எண்ணுகிற மனுஷன் சாயங்காலம் நாலு விண்கலத்தையாவது சுட்டு வீழ்த்த வேண்டாமா என்பது அவர் கட்சி.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் சுட்டார். பிறகு படம் நடுங்க ஆரம்பித்தது. விண்கலமெல்லாம் குளிர்காய்ச்சல் கண்ட மாதிரி வெடவெடவென்று ஆடியது. எதைச் சுடுவது, எதற்குப் போர்த்தி விடுவது என்று தெரியவில்லை. "தம்பியைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள் மனைவி. அவள் தம்பி டிவி ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறான்.

நம்மவருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் அவர் ஒரு மின்விசிறியைப் பழுது பார்த்தார். அது அதற்குப் பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. மச்சான் வந்து அதை நேராக்கினான். நேராக்கியதோடு விட்டானா? வருகிற விருந்தாளிக்கெல்லாம் காபியோடு அந்தக் கதையையும் சேர்த்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறான், இன்று வரைக்கும்.

"இது கரண்டு விஷயம். பொம்பளைங்க குறுக்க பேசக் கூடாது," என்றார்.

மனைவி உடனே வாயை மூடிக்கொண்டாள். சொன்ன சொல்லுக்கு மனைவி உடனே வாயை மூடிக்கொண்டால், விவரமுள்ள கணவன் பயப்படுவான். நம்மவர் பெருமைப்பட்டார்.

சிகிச்சை தொடங்கியது. பெட்டியை அறை நடுவில் நகர்த்தி வைத்து, பிளக்கைப் பிடுங்கி, பின்கதவைத் திறந்தார். பிளக்கைப் பிடுங்கினாலும் ட்யூபுக்குள் கரண்டு தேங்கி நிற்கும், தொட்டால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தார். ஆகவே காலில் ரப்பர் செருப்பு, கையில் பாத்திரம் தேய்க்கிற ரப்பர் உறை. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மறு கையால், தூங்குகிற நாயைத் தாண்டுகிறவர் போல மூச்சைப் பிடித்து வேலை செய்தார். வீங்கிப் போயிருந்த பழைய கெப்பாசிட்டர்களைக் கழற்றிப் புதிதாக வைத்துப் பற்ற வைத்தார். கட்டைவிரலையும் சேர்த்துப் பற்ற வைத்தார். பிறகு பிளக்கைச் செருகி, திறந்த கதவு வழியாக உள்ளே ஆவலோடு பார்த்தார்.

பொட்டு வெளிச்சம் இல்லை. முன்னாலாவது நடுங்குவதற்கு ஏதோ இருந்தது. இப்போது அதுவும் போச்சு.

பவர் சப்ளை போயிருக்கும் என்று முடிவு செய்து, வேறு பவர் சப்ளை வாங்கி வந்து பொருத்தினார். ஊஹூம். ஃபியூஸை மாற்றினார். ஊஹூம். மீட்டரை வைத்துப் பார்த்தார். சுவரில் கரண்டு இருந்தது, பெட்டிக்குள் இல்லை. சுவர் வரைக்கும் வருகிற கரண்டு பெட்டி வாசலில் செருப்பைக் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டு போய்விடுகிறதா என்ன? நம்மவருக்குத் தலை சுற்றியது. அது எந்தப் பக்கமாகச் சுற்றியது என்று சொல்ல மச்சான் அங்கே இல்லை.

வாரக்கணக்கில் இதே கதை. சாயங்காலம் வருவார், உறையை மாட்டுவார், எதையாவது கழற்றுவார், மாட்டுவார், பெருமூச்சு விடுவார். செத்த பெட்டிதானே என்று பிளக்கைச் செருகியபடியே போட்டுவிட்டுப் படுக்கப் போவார். வீட்டு வேலை எதிலும் கை வைக்கவில்லை. முன்னாலும் வைத்ததில்லை, இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இப்படி ஒரு பொறுமைசாலி நமக்கு வாய்த்திருக்கிறாளே என்று அவருக்கு உள்ளம் குளிர்ந்தது.

அப்போதுதான் மச்சான் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு வருகிறானாம். மாமாவுடைய மெஷினைப் பார்க்க வேண்டுமாம்.

நம்மவர் நடக்கப் போவதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். மச்சான் வருவான், பெட்டியைப் பார்ப்பான், சிரிப்பான், கண் மூடித் திறப்பதற்குள் சரி செய்வான். மின்விசிறிக் கதைக்கு இரண்டாம் பாகம் பிறந்துவிடும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்டியே இல்லாவிட்டால் கதை ஏது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய இரும்பு வாங்குகிறவரைக் கூட்டி வந்தார். அவர் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பெட்டிக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தார்.

அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள் மனைவி. அவள் முகத்தில் அவ்வளவு பதற்றத்தை நம்மவர் பார்த்ததே இல்லை.

"இதையா தூக்குறீங்க?"

"செத்துப் போச்சு. எல்லாத்தையும் மாத்திப் பார்த்தாச்சு. இனிமே இதை யாராலயும் ஓட வைக்க முடியாது."

"நான் ஓட வச்சா?"

நம்மவர் சிரித்தார். இரும்புக்காரரும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி வர்றதுக்குள்ள ஓட வச்சுடறேன். நீங்கதான் தனியா ரிப்பேர் பண்ணீங்கன்னு அவன்கிட்ட நானே சொல்றேன்."

நம்மவரின் சிரிப்பு பாதியில் நின்றது. நீங்கதான், தனியா. எவ்வளவு அழகான வார்த்தைகள். மச்சான் வாயடைத்து நிற்கிற காட்சி அவர் கண் முன்னால் வந்து போனது.

"ஆனா ஒண்ணு. பெட்டி எனக்கு. துணி துவைக்கிறது உங்களுக்கு. இன்னிக்கு ஒரு நாள் இல்ல, எப்பவுமே."

கணக்குப் பார்க்கிறவர் கணக்குப் போட்டார். நடக்காத காரியத்துக்கு வாக்குக் கொடுத்தால் என்ன நஷ்டம்? தப்பித் தவறி நடந்துவிட்டால் பேர் அவருக்கு. இரும்புக்காரரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, "சரி, என் தலையெழுத்து, செய்யறேன்," என்றார் தாராளமாக. நுணலும் தன் வாயால் கெடும்.

மனைவி கயிற்றைத் தளர்த்தினாள். பிளக்கைச் செருகினாள். உறை மாட்டவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் போய், திறந்து கிடந்த கதவை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாள்.

டக்.

பெட்டி கண்ணைத் திறந்தது. பாட்டுப் பாடியது. விண்கலங்கள் வரிசை கட்டி வந்தன, ஒன்று கூட நடுங்காமல்.

கதவைத் திறந்தாள், அணைந்தது. மூடினாள், எரிந்தது. கதவோரத்தில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. கதவு இடிக்காமல் இருக்க வைத்திருக்கிறார்கள், அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்று நம்மவர் முன்பு அதைத் தடவிப் பாராட்டியதுண்டு. அது சுவிட்ச். கதவு திறந்திருக்கும்போது யாரும் கையை விட்டுச் சாகக் கூடாது என்று கரண்டை நிறுத்துகிற சுவிட்ச். ஆக, முதல் நாளே நோயாளி குணமாகிவிட்டார். அதற்கப்புறம் நம்மவர் அறுத்துத் தைத்ததெல்லாம் திடகாத்திரமான ஆளை.

பாட்டுச் சத்தம் கேட்டு எதிர்வீட்டம்மா உள்ளே வந்தார். ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். வேலையில் இருந்த வரை விளையாட்டுப் பீரியடில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை சார் வீட்ல இருப்பார், ஆட முடியாதுன்னு சொன்னியே," என்றபடி வந்தவர், சாரைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மனைவி வீடு பெருக்கும்போது கதவு இடித்திருக்கிறது. தள்ளியிருக்கிறாள். பெட்டி பாடியிருக்கிறது. அது நடந்து வாரக்கணக்காகிறது. தினமும் மத்தியானம் இரண்டு பேரும் மாறி மாறி ஆடிவிட்டு, நம்மவர் வருகிற நேரத்துக்குக் கதவைப் பழையபடி திறந்து வைத்திருக்கிறார்கள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"கரண்டு விஷயத்துல குறுக்க பேசக் கூடாதுன்னீங்க. பேசல. அதோட, ஓடுதுன்னு தெரிஞ்சா நீங்க எந்திரிப்பீங்களா? எங்களுக்கு எப்ப டர்ன் வரும்?"

நம்மவருக்கு உண்மையிலேயே வலித்தது. அத்தனை நாளும் தன்னைப் பார்த்து இவள் மனசுக்குள் சிரித்திருக்கிறாளே என்ற வலி. இருந்தாலும் ஒரு சந்தேகம் அவரை விடவில்லை.

"அது சரி, கதவு திறந்திருந்தா ஓடாதுங்கறது உனக்கு எப்படிப் புரிஞ்சுது?"

"இதென்ன கேள்வி? வாஷிங் மெஷின் மட்டும் கதவைத் திறந்து போட்டா ஓடுமா?"

நம்மவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஓடாதா?"

எதிர்வீட்டம்மா மறுபடியும் சுவரைப் பார்த்தார். இரும்புக்காரர் கூடத் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றைச் சுருட்டினார். மனைவி உள்ளே போனாள். அழுக்குத் துணிக் கூடையோடு வந்தாள். அதை நம்மவர் கையில் கொடுத்துவிட்டு, பெட்டிக்கு முன்னால் போய் நின்று கைப்பிடியைப் பிடித்தாள்.

"போய்ப் பாருங்க," என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கதவைச் சாத்த மட்டும் மறந்துடாதீங்க."