'போறேன்' என்று பாடிக் கெட்ட கதை

அவமானப்படுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் மேளக்காரர்களும் பந்தி பரிமாறுகிறவர்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்த அவமானம் ஒன்றே ஒன்றுதான். அதற்குக் காரணம் நார்வே நாடு.

அந்த நாட்டில் ஒரு ராக் குழு தங்கள் ஊர்ப்பேச்சில் பாடியே பெரிய ஆளாகிவிட்டதாம். தலைநகரத்துக்காரனுக்கே அவர்கள் பேச்சு பாதிதான் விளங்குமாம். சுடலை செல்போனில் போட்டுக் காட்டினான். (சுடலை எங்கள் டிரம்ஸ். நூற்பாலை இரைச்சலில் வேலை பார்ப்பவன், அதனால் தாளம் காதில் விழாமலே அடிப்பான்.) எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. இருந்தும் ரத்தம் கொதித்தது.

"ஏலே, இவிய பாடலாம், நாம பாடக்கூடாதா? சென்னைக்காரனுக்குப் புரியாத தமிழ் நம்மகிட்ட மூட்டை மூட்டையா கெடக்கு" என்றேன்.

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் 'கடப்பாரை' குழு. மூன்று பேர், இரண்டு கிட்டார், ஒரே ஒரு பாட்டு. எங்கள் கோவில்பட்டியை வெறுத்து ரயிலேறும் இளைஞனின் புரட்சிப் பாட்டு: 'போறேன்லே நான் போறேன், திரும்பியே பாக்க மாட்டேன்.' (எழுதிய புரட்சியாளனாகிய நான் பக்கத்து ஊர் சாத்தூரில் இறங்கியதும் அம்மாவுக்கு போன் செய்கிறவன்.)

முதல் மேடை, என் அக்கா செல்வியின் கல்யாண வரவேற்பு. அக்காவின் மாமனாருக்குக் கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீஸ் (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்). மனுஷன் சகுனம் பார்த்துத்தான் தண்ணீரே குடிப்பார்.

"ஏலே, நாளையிலிருந்து அந்த வீட்டுல இருக்கப் போறது நான்" என்றாள் அக்கா. "ஒருத்தர் தும்முனாலே எங்க மாமா பயணத்த நிப்பாட்டிருவாவ. பாத்துப் பாடு."

"அதெல்லாம் பாத்துக்கிடுதேன்" என்றேன். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும் என்று நினைத்தேன். என் மண்டைக்கு எட்டியது அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் தெருமுனைக்குப் பால் வாங்கப் போகிறவனும் 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் 'போறேன்' என்றால் ஒரேயடியாகப் போவதாக அர்த்தம். ஊர்ப்பேச்சில் பாடக் கிளம்பியவனுக்கு இது மறந்துபோனது.

முதல் 'போறேன்'னுக்கே முன்வரிசையில் சலசலப்பு. ரசிக்கிறார்கள் என்று நினைத்து, அடுத்ததை மணமக்களைப் பார்த்துக் கைநீட்டியே பாடித் தொலைத்தேன். அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. மாமனார் மேடையேறி மைக்கைப் பிடுங்கினார்.

"ஏலே, இங்கன எவம்லே செத்துப் போனான்?"

(அதைவிட அபசகுனமாக நான் எதுவும் பாடவில்லை. சொல்லத் தைரியமில்லை.)

"தப்புதான் மாமா. நிப்பாட்டிருதேன்."

"பாதியில நிப்பாட்டுனா அதவிடக் கேடு. 'போயிட்டு வாரேன்'னு மாத்தி முழுப் பாட்டையும் படி."

'போறேன்' இருந்த இடத்தில் 'போயிட்டு வாரேன்' நுழையவே மாட்டேன் என்றது. சுடலை முழித்தான். மாமனார் தொடையில் தட்டித் தாளம் சொல்லிக் கொடுத்தார். 'திரும்பியே' என்று ஆரம்பித்தேன், விரலை ஆட்டினார்.

"'திரும்பி வந்து பாப்பேன்'னு சொல்லு."

சொன்னேன். அப்படியே பாடினேன். மூன்றாவது சுற்றில் மண்டபமே கூடப் பாடியது, மாமனார் எல்லாரையும்விடச் சத்தமாக. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

யாரோ எடுத்த வீடியோ எங்களை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. இன்று மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது எங்கள் பாட்டைப் போட்டுத்தான் அழுகிறார்கள். எங்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள். இப்படி மரியாதை வாங்கிய ராக் குழு நார்வேயில்கூட இருக்காது.

போன வாரம் அக்கா போனில் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஏலே, எங்க மாமா ரெண்டாவது பாட்டும் எழுதிட்டாவ. பல்லி விழுற பலன். தலையில விழுந்தா என்ன, தோள்ல விழுந்தா என்னன்னு இருபத்தேழு அடி. கிட்டார் எங்கன வரணும்னு அவியளே குறிச்சிருக்காவ. நல்ல நேரம் பாத்து ஒன்னப் பாக்க அங்கன கெளம்பிட்டாவ."

வாழ்க்கையில் முதன்முறையாக உண்மையாகவே ஊரைவிட்டு ஓடத் தோன்றியது. அடுத்த ரயில் எப்போது என்று பார்த்தேன்.

ராகு காலத்தில் இருந்தது. பேசாமல் கிட்டாரை எடுத்துக் கம்பியை முறுக்க ஆரம்பித்தேன்.