துறைமுகமும் சத்தமில்லாத மோட்டாரும்

ராஜபாளையத்துக்குக் கடல் கிடையாது. ஆனால் துறைமுகம் உண்டு. எங்கள் தெரு முனையில்தான் இருக்கிறது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாரம் ஒருமுறை சவரம் செய்துகொள்ளும்.

வத்திராயிருப்பிலிருந்து செட்டியார்பட்டி வரை ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஓய்வு பிடிக்காமல் கண்மாய் மீன் குத்தகை எடுத்தார். தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு பழைய ஃபைபர் படகையும் மோட்டாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அடுத்த மழை பொய்த்தது. மீன் போனது, குத்தகை போனது, படகு மட்டும் வாசலில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவர் துறைமுகம். சொந்தப் பெயர் ரேஷன் கடைக்கு மட்டும் தெரியும்.

படகில் தெருவே வத்தல் காயப்போடும். மோட்டாருக்கு மட்டும் விடுமுறை இல்லை. தினமும் சாயங்காலம் அதைத் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கி ஓடவிடுவார். எதிர்வீடு புகையில் மறையும்.

"கப்பல் எப்ப கெளம்புது, தொறமொகம்?" என்று டீக்கடையிலிருந்து கேட்பார்கள்.

"கெளம்பவே கூடாதுன்னு சாமியக் கும்புடுல" என்பார்.

காரணம் உண்டு. கண்மாய்கள் நிறைந்திருக்கும் மாதங்களில் யாராவது மூழ்கிப்போனால், தேடப் போக உடனே கிடைக்கும் படகு அது ஒன்றுதான். அதனால் அவர் வந்து நின்றாலே எந்த வீட்டிலும் முகங்கள் வெளுத்துவிடும். இது அவருக்கும் தெரியும். தூரத்தில் வரும்போதே, "சும்மாதான் வாரேன், சும்மாதான்!" என்று கத்திக்கொண்டே வருவார். கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான். வாசலோடு வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். அவரை உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கரையில் நிற்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மோட்டார் ஓடினால் தேடுகிறார். நின்றால் உடல் கிடைத்துவிட்டது. போன மழையில் அந்தக் கணக்குதான் வினையானது. ஒரு கண்மாய்க் கரையில் விசைத்தறித் தொழிலாளி ஒருவனின் சைக்கிளும் செருப்பும் கிடந்தன. ஆளைக் காணோம். துறைமுகம் படகை இறக்கினார். நடுக்கண்மாயில் மோட்டார் இருமியது, நின்றது.

கரையில் அவன் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தார். துறைமுகம் 'இல்லை, இல்லை' என்று இரண்டு கைகளையும் ஆட்டினார். அதைப் பார்த்துக் கரை இன்னும் பலமாக அழுதது. கண்டக்டர் தொண்டையில் கத்தியும் பார்த்தார். ஒப்பாரிக்கு முன்னால் எந்தத் தொண்டை எடுபடும்?

அப்போதுதான் கரையோர நிறுத்தத்தில் வந்து நின்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து செத்தவன் இறங்கினான், கையில் பால்கோவா டப்பாவோடு. பழைய செருப்பைக் கழற்றிச் சைக்கிளோடு போட்டுவிட்டு, புதுச் செருப்பில் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான். அந்தப் பழைய செருப்பாலேயே அம்மா அவனை வீடுவரை அடித்துக்கொண்டு போனார். கூட்டமும் பின்னாலேயே போனது. துறைமுகத்தை நடுத்தண்ணீரில் மறந்துவிட்டார்கள். ஒரு பலகையால் துழாவித் துழாவி அவராகவே கரை சேர்ந்தார்.

மறுநாள் என்னிடம் வந்தார். நான் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர்.

"சும்மாதான் ஏட்டி. மோட்டர மாத்தணுமா, இதையே சரிபாத்து ஓட்டலாமா? நீ பாத்துச் சொல்லு."

"அவன்தான் உயிரோட வந்துட்டானே, பெரியப்பா."

"வந்தான். அந்தச் செத்த நேரமும் அவன் ஆத்தாவுக்கு அவன் செத்துட்டாம்லா? அது இந்த மோட்டர் செஞ்ச வேலை."

முறைப்படி பார்த்தேன். ஒன்று, சிலிண்டரில் அழுத்தம் இல்லை. இரண்டு, இந்த மாடலுக்கு இனி உதிரிபாகம் கிடைக்காது. மூன்று, மோட்டாரை மாட்டும் பின்பலகை உளுத்திருந்தது. மோட்டாரையும் மாற்றுங்கள், பலகையையும் மாற்றுங்கள் என்றேன். "புதுசு நடுவுல நிக்காது, புகையாது, சத்தமே கேக்காது."

அவர் முகம் வாடிவிட்டது. "சத்தம் கேக்கலைன்னா கரையில நிக்கிறவிய எதப் புடிச்சிக்கிட்டு நிப்பாவ?"

"ஹாரன் வைப்போமா?"

"ஹாரன் அடிச்சா வெலகுன்னு அர்த்தம். தண்ணிக்குள்ள கெடக்கிறவன் எங்க வெலகுவான்?"

பிறகு நான்தான் சொன்னேன்: "பெரியப்பா, ஒங்க தொண்டை இருக்குல்லா? தேடுறப்ப கரையில யாரும் அழ மாட்டாவ, ஒங்க கொரல் நல்லாக் கேக்கும்."

புது மோட்டார் வந்தது. டிரம்மில் அது ஓடுவதே தெரியாமல், ஓடுகிறதா என்று கையை விட்டுப் பார்க்கப் போனவரைப் பிடித்து இழுத்தேன்.

இந்த மழையில் குளிக்க இறங்கிய ஒரு கொத்தனார் கரையேறவில்லை. நானும் போய் நின்றேன். படகு சத்தமில்லாமல் போனது. அவர் குரல் மட்டும் தண்ணீர்மேல் வந்துகொண்டே இருந்தது.

"வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செட்டியார்பட்டீ!"

மறுபடியும் வத்திராயிருப்பு. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கொத்தனாரின் மனைவி ஒவ்வோர் ஊருக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றார். பொழுது சாயும்வரை ஊர்கள் வந்தன. பிறகு ஒருமுறை, ராஜபாளையத்தோடு குரல் நின்றது. செட்டியார்பட்டி வரவேயில்லை.

மறுநாள் எங்கள் வாசலில் நிழல் தெரிந்தது. வாயைத் திறந்தார், தொண்டை கட்டி, வெறும் காற்றுதான் வந்தது. 'சும்மாதான்' என்று கையை ஆட்டிக் காட்டினார்.

"தெரியும். உள்ள வாங்க, பெரியப்பா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.