பேரனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
12-6-1998, வெள்ளிக்கிழமை

பாசமுள்ள தங்கை செபாஸ்தியம்மாளுக்கு, உன் அண்ணன் சந்தியாகு ஆசி கூறி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் மதினி மிக்கேலம்மாளும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். மச்சானுக்கு மூட்டுவலி குறைந்ததா, பம்பாயில் மழை பிடித்துவிட்டதா என்று எழுதவும். பேரனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். நான் பதில் போடாமல் இருந்தது சோம்பலால் அல்ல. எழுதுவதற்குப் பெயர் இருந்தால்தானே எழுத முடியும்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் அப்பாவைப் பெற்றவர் பெயரைத்தான் வைப்போம். என் மகனுக்கு ஸ்டான்லி என்பது பள்ளிக்கூடத்துக்கு வைத்த பெயர். கோயிலில் கொடுத்தது நம் ஐயா பெயரைத்தான். அந்த நினைப்பில், பேரன் பிறந்த சேதி கேட்டதும் ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு உன் மதினியோடு நத்தம் பஸ் ஏறினேன். மருமகள் அறிவுச்செல்வி தலைப்பிரசவத்துக்கு அங்கே தாய்வீட்டில் இருந்தாள். அவள் அப்பா யாக்கோபு புளிமண்டிக்காரர், தங்கமான மனிதர், ஆனால் தராசு பிடித்துப் பிடித்து எதிலும் தன் பக்கம் குறைந்துவிடக்கூடாது என்கிற குணம் ஒட்டிக்கொண்டுவிட்டது. சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது மெல்ல ஆரம்பித்தார். "எனக்குப் பொறந்தது அம்புட்டும் பொட்டப்பிள்ளைக. எம்பேரு என்னோட போயிரணுமா, சம்பந்தி?" அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கவேண்டும். வழக்கம், முறை என்று பேசினேன். அவர்கள் சி.எஸ்.ஐ.காரர்கள், வசனத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர்கள். வேதத்தில் யாக்கோபு பக்கத்துக்குப் பக்கம் வருகிறார், சந்தியாகு என்று ஒரே ஒரு வரி காட்டுங்கள் என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. என் பெயர் கொண்ட புனிதர் வெள்ளைக் குதிரையில் வாளோடு வருகிறவர், உங்கள் ஆள் ஆட்டுக்குப் பின்னால் போனவர் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தேன். அறிவுச்செல்வி பிள்ளையைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுக்கத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் பார்த்தும் பாராததுபோலப் படி இறங்கிவிட்டேன். அவ்வளவுதான், செபாஸ்தி. பேரன் பிறந்து மாதக்கணக்காகிறது, இன்னும் நான் அவனைக் கையில் வாங்கவில்லை. உன் மதினி மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மூக்கு உன்னுடையது மாதிரி என்கிறாள். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த காலத்தில் அந்த இரைச்சலிலும் உட்கார்ந்தபடியே தூங்கியவன் நான். இப்போது கட்டிலில் படுத்தும் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

ஸ்டான்லிதான் ஒரு வழி சொன்னான். இரண்டு தாத்தா பெயரும் வேண்டாம், பொதுவாக ஜேம்ஸ் என்று வைப்போம் என்றான். நாகரிகமான பெயர், யாருக்கும் தோல்வி இல்லை. நான் சரி என்றேன். நத்தத்திலிருந்தும் சரி என்று உடனே சேதி வந்தது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க நம் பங்குச்சாமி மரியசெல்வத்திடம் போனேன். சாமி ரோமாபுரியில் படித்தவர், ஒரு வார்த்தை கேட்டால் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிடுவார். ஜேம்ஸ் என்றதும் சிரித்தார். அது யாக்கோபுதானாம். எபிரேயத்தில் யாக்கோபாகக் கிளம்பிய பெயர் கிரேக்கத்துக்குப் போய், லத்தீனுக்குப் போய், பிரான்சில் ஜாக், இத்தாலியில் ஜக்கோமோ, இங்கிலாந்துக்குப் போனபோது ஜேம்ஸ் என்று ஆகிவிட்டதாம். பழனியில் புறப்படும் பஸ்ஸில் ஏறியிருந்த முகம் ஒன்றுகூட மதுரையில் இறங்குவதில்லை, ஆனாலும் அது அதே வண்டிதானே, அந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். நத்தத்திலிருந்து ஏன் உடனே சரி என்றார்கள் என்பதும் புரிந்ததுபோல் இருந்தது. தனக்கு அது தெரியாது என்று சம்பந்தி பிற்பாடு சத்தியம் செய்தார், நம்பிவிட்டேன்.

அன்றைக்கு நான் விடவில்லை. வெள்ளைக்காரன் சங்காத்தமே வேண்டாம் சாமி, யாகப்பன் என்று வையுங்கள், நம் பாட்டனாரின் அண்ணன் பெயர், அப்பன் என்று முடிகிறது, அதில் எந்தத் தேசத்துக்காரனுக்கும் பங்கில்லை என்றேன். சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாக்கோபுக்கு நம் ஆட்கள் மரியாதையாக ஓர் அப்பனைச் சேர்த்ததுதான் யாகப்பன் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேரே சனாவுல்லாவின் பூட்டுக்கடைக்குப் போய் முறையிட்டேன். நாற்பது வருஷச் சிநேகிதர், ஆறுதல் சொல்லுவார் என்று பார்த்தால், தன் தாய்மாமன் யாகூபும் அதே பெயர்க்காரர்தான் என்று குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். திண்டுக்கல்லில் தடுக்கி விழுந்தால் யாக்கோபு மேல்தான் விழவேண்டும்போல. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "அது கெடக்கட்டும், ஒம்ம பேரு யாருதுன்னு சாமியக் கேட்டீரா?" என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பிச் சாமியிடமே போனேன்.

"சந்த்னா புனிதர்" என்றார் சாமி. "மிச்சம் இருக்கிற யாகு யாருன்னு நெனச்சீங்க?"

போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து கரையிறங்கிய பெயராம். குதிரைமேல் வருகிறவரும் ஆட்டுக்குப் பின்னால் போனவரும் ஆள் வேறு, பெயர் ஒன்று. நான் கோயில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தி தன் பெயர் வேண்டும் என்று நிற்க, நான் என் பெயர் வேண்டும் என்று நிற்க, இரண்டு கிழவர்களும் ஒரே பெயருக்கு அடித்துக்கொண்டு ஒரு பச்சைப்பிள்ளையைப் பெயரில்லாமல் போட்டிருக்கிறோம். எஸ்.டி.டி. பூத்திலிருந்து நத்தத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "அப்ப அன்னைக்கு ஒங்க பேரத்தான் நான் வேணும்னு கேட்டேனா, சம்பந்தி?" என்றார். குரல் தழுதழுத்தது. பூத்காரர் மீட்டரைக் காட்டும்வரை நான் போனை வைக்கவில்லை.

ஆக, சண்டை தீர்ந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஜேம்ஸ் என்றே முடிவு. நாளைக் காலை சம்பந்தி பிள்ளையையும் தாயையும் தானே கொண்டுவந்து விடுகிறார். ஜூலை முதல் ஞாயிறு ஞானஸ்நானம், நீதான் ஞானத்தாய். அத்தை சீருக்கு நீ வாங்கும் வெள்ளிக் கிண்ணத்தில் ஜேம்ஸ் என்று அழியாதபடி ஆழமாக வெட்டச் சொல். மச்சானுக்கு என் தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டு அரிசிப்பானையும் குழாய்த் தண்ணீரும் வற்றாமல் இருக்க மாதா காப்பாளாக.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சந்தியாகு

பின்குறிப்பு (சனிக்கிழமை): கிண்ணத்தில் ஒன்றும் வெட்டாதே. காலையில் வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே சம்பந்தி, எல்லாம் ஒரே பெயர்தானே, எதற்கு ஜேம்ஸ், சந்தியாகு என்றே வைப்போம் என்றார். அவர் அவ்வளவு இறங்கி வந்தபிறகு நான் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும்? ஆண்பிள்ளை இல்லாதவர், யாக்கோபு என்றுதான் வைக்கவேண்டும் என்றேன். கூடவே கூடாது என்றார். மேசையைத் தட்டினேன். பக்கத்து வீட்டுப் பெரியகருப்பன் சமாதானம் செய்ய ஓடிவந்து, அவரவர் மற்றவர் பெயருக்காகக் கத்துவதைக் கேட்டுப் பயந்துபோய் நின்றார். பேசியபடி ஜேம்ஸ் என்றே இருக்கட்டும் என்று உன் மதினி தீர்ப்புச் சொன்னாள். அப்போதுதான் அறிவுச்செல்வி வாய் திறந்தாள். மாமனார் பெயரை வாயால் சொல்லாத பிள்ளை அவள்.

"அதுவும் மாமா பேருதான்னு இப்பத் தெரிஞ்சுபோச்சே, அத்தை. அதச் சொல்லி எப்பிடி எம்பிள்ளைய வைவேன்?"

ஜேம்ஸ் போயிற்று. யாகப்பனும் போனார். சொந்த அப்பா பெயரை யாராவது கேட்டால்கூட இனிமேல் எழுதித்தான் காட்டவேண்டுமாம். நாங்கள் இருவரும் மறுபடி ஆரம்பிப்பதற்குள் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "செத்த நேரம் வச்சிருங்க, மாமா. நீங்க பேரு வைக்கிறதுக்குள்ள இவன் பேசவே ஆரம்பிச்சிருவான். அவனையே கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்தப் பின்குறிப்பை அவனை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். மூக்கு உன்னுடையதேதான், பாவம். சம்பந்தி எதிரே குந்திக்கொண்டு சந்தியாகு, சந்தியாகு என்று கொஞ்சுகிறார். நான் யாக்கோபு, யாக்கோபு என்கிறேன். இரண்டுக்கும் சிரிக்கிறான்.