ஐம்பதடிக் கடலும் நாலரை மணியும்

போய்வந்தவர்கள் என்றோர் இனம் நம்மிடையே பெருகிவருகிறது. கவனித்திருப்பீர்கள். வெளிநாட்டில் இருந்தது பதினெட்டு நாள். அதைப் பற்றிப் பேசுவது பதினெட்டு வருடம்.

ஹல்துமுல்லையில் ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர் வீரய்யா இந்த இனத்தில் அசல் சரக்கு. கனடாவிலிருக்கும் மூத்த மகள் சுதர்ஷினி, உலகத்திலேயே வற்றுப்பெருக்கு அதிகமான கடற்கரைக்கு அவரைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டாள். பாவம், நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். அன்றிலிருந்து பெரகல சந்தியில் முட்டை வாங்க வந்தவர், பஸ்ஸுக்கு ஓடுகிறவர், பல்வலியில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிற்பவர் என்று ஒருவரையும் விடுவதில்லை.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவைங்க! நம்ம தேயிலை ஸ்டோரு கூரை வரைக்கும், ஐம்பதடி, தண்ணி ஏறும். ஆறு மணித்தியாலம் கழிச்சு அதே எடத்துல நாம செருப்போட நடக்குறோம்!"

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய இளைய மகள் நிரஞ்சலாவைப் பெண் பார்க்க நமுனுகுலயிலிருந்து வந்தார்கள். இடையில் நின்று பேசிவிட்டது நான். அவளுக்கும் மாப்பிள்ளை ரமேஸுக்கும் மனசு எப்போதோ ஒத்துப்போயிற்று. பெரியவர்கள் தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் நாலரைக்கு ராகு காலம். மாப்பிள்ளையின் அம்மா பெரியாயி, நேரம் தப்பினால் தட்டைத் தொடமாட்டார். ரமேஸோ புதன்கிழமை கொரியாவுக்கு வேலைக்குப் போகிறான். அன்று தப்பினால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

வீரய்யா செய்ததென்ன? போனை டீவியில் மாட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். அத்தனையும் சேறு. தண்ணீர் வருமுன் சேறு, தண்ணீர் போனபின் சேறு, சேற்றில் வீரய்யா.

"தண்ணிக்கு அடியில காத்தாடிய இறக்கி கரண்டு எடுக்கப் பாக்குறாங்க சம்பந்தி! நம்ம தோட்டத்துல பேர் கூப்பிடுற மாதிரி காலைப் பெரட்டு, அந்திப் பெரட்டுன்னு கடல் தவறாம வேலைக்கு வந்துரும். லீவே கெடையாது!"

நாலு இருபது. நான் இருமினேன். நிரஞ்சலா மூன்றாம் தடவையாக முறுக்குத் தட்டோடு வந்து அப்பாவை முறைத்தாள். அந்த நேரம் பார்த்து ரமேஸ் மரியாதைக்கு வாயைத் திறந்தான்.

"நெலாவாலதான் இப்பிடி ஏறி எறங்குதா மாமா?"

மடையன்! வீரய்யா முதல் படத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

சட்டென்று டீவி அணைந்தது. மெயின் சுவிட்சில் யாருடைய கை இருந்தது என்பதைக் குசினி வாசலருகில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன், சொல்லவில்லை.

"பாத்தீங்களா! இதுக்குத்தான் கடல் கரண்டு வேணும்ங்கிறது..."

"கரண்டு கெடக்கட்டுங்க சம்பந்தி," என்றார் பெரியாயி. "தட்டைக் கொண்டாங்க!"

நாலு இருபத்தேழுக்குத் தட்டு மாறியது. எனக்குப் போன உயிர் திரும்பியது. வாசலில் செருப்பு மாட்டிய ரமேஸிடம் நிரஞ்சலா மெதுவாகச் சொன்னாள்:

"நல்லபடியா போயிட்டு வாங்க. வந்து மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது, "இதென்ன பெரிய கடல், நான் போன இடத்திலே..." என்று உங்கள் நாக்கு நுனியில் ஏதாவது வந்து நின்றதா? நின்றதல்லவா? எதற்கும் வீட்டிலிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அது எத்தனையாவது தடவை என்று அவர்கள் எண்ணி வைத்திருப்பார்கள்.