பூனை வீட்டில் ஒரு பெருங்கற்காலம்

ஒரே விஷயத்தை வருடக்கணக்கில் படிப்பவனை நல்ல காரியத்துக்குத் தனியாக அனுப்பக் கூடாது. அதுவும் அவன் படிப்பது ஈமச்சின்னங்களைப் பற்றி என்றால் அனுப்பவே கூடாது.

ஆக்லாந்தில் என் ஆராய்ச்சி பெருங்கற்காலக் கல்லறைகளைப் பற்றியது. தமிழ்நாட்டுக் கல்திட்டையிலும் எங்கோ இருக்கிற காகசஸ் மலைக் கல்திட்டையிலும் ஒரே மாதிரி வட்டத் துளை எப்படி வந்தது என்று யோசித்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவன் நான். பெற்றோர் மதுரையில் இருந்ததால், நான் காதலித்த தர்ஷினியைப் பெண் கேட்டு, அதே ஊரில் வெஸ்ட்கேட் பக்கம் இருந்த அவள் வீட்டுக்கு நானே போனேன். யாழ்ப்பாணக் குடும்பம். "அப்பா ஓம் எண்டு சொல்லுமட்டும் கல்லறைக் கதை எடுக்காதேங்கோ," என்று கெஞ்சியிருந்தாள்.

சோபாவில் இருப்புக் கொள்ளவில்லை. கால் தானாக ஆடியது, தேநீர்க் கோப்பை தட்டில் தாளம் போட்டது. வேலை, விசா என்று அவள் அப்பா கேட்டதற்கெல்லாம் பாதிப் பதில்தான் வந்தது. அவரே இரக்கப்பட்டு, "வாரும் தம்பி, தோட்டத்தைப் பாப்பம்," என்று எழுந்தார்.

அங்கே நான்கு பலகைக் கற்களை நட்டு, மேலே பெரிய கல் ஒன்றால் மூடியிருந்தார். கிழக்குப் பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை.

"எங்கட பூனைக்கு நானே கட்டின வீடு. எப்பிடி?"

'அருமை' என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். (எத்தனையோ பேர் அப்படித்தான் கல்யாணம் செய்துகொள்கிறார்கள்.)

"அங்கிள், இது அச்சு அசல் கல்திட்டை! செத்தவங்களுக்குக் கட்டுறது. ஆவி போய்வரத்தான் இந்தத் துளைன்னு சொல்வாங்க!"

அந்த நேரம் பார்த்துத் துளை வழியாகப் பூனை தலையை நீட்டியது.

வாசலில் வடைத்தட்டோடு நின்ற அவள் அம்மா கணவர் பக்கம் திரும்பினார். "இஞ்சேருங்கோ, வீட்டுக்க சுடலையே கட்டி வச்சிருக்கிறியள்? இதைப் பிரிச்சுப்போட்டு வந்து கலியாணம் கதையுங்கோ!"

பட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக மேல்கல்லைத் தூக்கினோம்.

"ஒரு நிமிஷம் அங்கிள், அளந்துக்கிறேன்," என்று என் பக்கத்தை விட்டேன். முழுப் பாரமும் அவர் கையில்.

அம்மாவின் பின்னால் வந்து நின்ற தர்ஷினி தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்லைக் கீழே போட்டுவிட்டு அவர் மூச்சு வாங்கினார். "இதைப் பற்றி இன்னும் கதைக்க இருக்கோ?"

"நிறைய இருக்கு, அங்கிள்."

"எண்டால், கலியாணத்துக்குப் பிறகு கதையும்."

சம்மதம் சொல்லிவிட்டார் என்று எனக்குப் புரியவே சற்று நேரமாயிற்று.

இன்றும் யாராவது புதுவீடு குடிபோனால், மாமி என்னை நேரே சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போய் உட்கார வைப்பார். பிறகு வீட்டுக்காரர் காதில் சொல்வார்: "எங்கட மருமகன் தங்கமான பிள்ளை. தோட்டத்தை மட்டும் காட்டிப்போடாதேங்கோ."