ஆள்காட்டிக் குருவிக்குப் பாராட்டு விழா

ஒரு காட்டில் சிங்கம் முதல் சுண்டெலி வரை எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்த காலத்தில், குளக்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி வாழ்ந்துவந்தது. யார் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டுவது அதன் பிறவிக் குணம். அதனாலேயே அதை யாருக்கும் பிடிக்காது. கல்யாணத்துக்கு அழைக்க மாட்டார்கள், சாவுக்குக்கூடச் சொல்லியனுப்ப மாட்டார்கள்.

காய்ச்சல் வந்ததும் நிலைமை தலைகீழாகிவிட்டது. தும்மினால் ஒட்டிக்கொள்கிற காய்ச்சல். முயல் குடும்பம் ஒன்றையே அது கொண்டுபோனபிறகு, நோய்த் தடுப்புக் குழு அமைத்தார்கள். யானை தலைவர், நரி செயலாளர். குளத்தில் கும்பல் சேரக் கூடாது, ஒவ்வொருவராகத்தான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். யார் காவல் நிற்பது என்று கேட்டபோது மட்டும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

"நான் நிக்கிறேன்" என்றது குருவி.

"என்ன ஒரு தியாகம்!" என்று கண் கலங்கியது நரி.

தியாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கரையோரக் கூழாங்கற்களுக்கு நடுவே குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கல்லோடு கல்லாகக் கிடக்கும், பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. போன வருஷமும் இட்டது, அதற்கு முந்தின வருஷமும் இட்டது. தண்ணீருக்கு முண்டியடிக்கிற கூட்டத்தின் காலில் மிதிபட்டு எல்லாம் கூழாகிப்போயின. "முட்டை இருக்கு, பார்த்து நடங்க" என்று சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் மான் ஒதுங்கிப் போகும், நரி தேடிக்கொண்டு வரும். இந்தத் தடவை ஒரு குஞ்சையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பாவம் அது தவித்துக்கொண்டிருந்தது.

காவல் என்றால் அப்படியொரு காவல். இரண்டு பேர் சேர்ந்து வருவது தெரிந்தாலே தலைக்கு மேல் பறந்து கத்தித் தீர்த்துவிடும்.

"ஒரு வாய் தண்ணிதானே தாயி, மச்சானும் நானும் சேர்ந்தே குடிச்சுட்டுப் போயிடறோம்" என்று கெஞ்சியது காட்டுப்பன்றி.

"மச்சான் அங்கேயே நிக்கட்டும். நீங்க குடிச்சுட்டுக் கிளம்புங்க. கல்லு கிடக்கிற பக்கம் மட்டும் போயிராதீங்க, அங்கதான் காய்ச்சல் ஜாஸ்தி!"

காய்ச்சல் எப்படிக் கல்லில் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கரடி காதில் வேப்பிலையைச் செருகிக்கொண்டு திரிந்த நாட்கள் அவை. அதற்கு இது தேவலாம்.

குருவியின் கத்தலுக்குப் பயந்தே கூட்டம் குறைந்தது. கூட்டம் குறைந்ததும் காய்ச்சலும் தணிந்தது. முட்டைகளுக்குள்ளிருந்து குஞ்சுகள் ஓட்டைத் தட்டுகிற சத்தம் லேசாகக் கேட்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் குருவிக்குப் பாராட்டு விழா எடுக்கும் யோசனை நரிக்கு வந்து தொலைத்தது. மேடையாக ஏறி நிற்க வாகான இடம் அந்தக் கூழாங்கல் திட்டுதான் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

"விழாவெல்லாம் எதுக்குங்க? கூட்டம் கூடக் கூடாதுன்னு நீங்கதானே தீர்மானம் போட்டீங்க?" என்று பதறியது குருவி.

"கூட்டத்தைத் தடுத்தவங்களுக்கு நன்றி சொல்லக் கூட்டம் கூட்டாம முடியுமாம்மா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றது யானை.

காடே திரண்டு வந்தது. இருந்தது ஒரே பொன்னாடை. நரி அதை யானைக்குப் போர்த்த, யானை காட்டெருமைக்குப் போர்த்த, காட்டெருமை கரடிக்குப் போர்த்த, கரடி அதிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு நரிக்குப் போர்த்த, பொன்னாடை இன்னொரு சுற்றும் வந்தது. தன் பெயரைக் கூப்பிடவில்லை என்று காட்டுப்பன்றி முறைத்துக்கொண்டு போய்விட்டது. விழா நாயகியின் முறை வருவதற்குள் குரங்கு செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

"எல்லாரும் நெருக்கி நில்லுங்க! தலைவரே, காது படத்துல விழல. கொஞ்சம் பின்னாடி போங்க... இன்னும் கொஞ்சம்..."

யானை பின்னங்காலைத் தூக்கியது. காலுக்கு நேர் கீழே நான்கு முட்டைகள். குருவிக்கு உயிரே போய்விட்டது. கத்தினால் ஏற்புரை என்று கைதட்டுவார்கள். சட்டென்று பறந்துபோய் யானைக்கும் முட்டைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து தும்மியே அறியாத அந்தப் பறவை, பலம் கொண்டமட்டும் ஒரு தும்மல் போட்டது.

அவ்வளவுதான். யானை முன்பக்கமாகப் பாய்ந்தது, குரங்கு போனைப் போட்டுவிட்டு ஓடியது, மூச்சு விடுவதற்குள் திட்டு காலி.

"துரோகி! காய்ச்சலை வச்சுக்கிட்டா காவல் காத்தே?" என்று எதிர்க்கரையிலிருந்து மைக்கில் திட்டியது நரி. குழு அங்கேயே அவசரமாகக் கூடி, குருவியைத் தனிமைப்படுத்தத் தீர்மானம் போட்டது. திட்டைச் சுற்றி யானையே முள்வேலி போட்டது. அந்தப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது. "இதெல்லாம் அநியாயம்" என்று குருவி ஒப்புக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு முட்டைகள் மேல் போய் உட்கார்ந்தது.

பொன்னாடை போர்த்திக்கொண்டவர்கள் வரிசையாகக் காய்ச்சலில் படுத்தார்கள். கோபித்துக்கொண்டு போன காட்டுப்பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. "எல்லாம் அந்தச் சனியன் பிடிச்ச குருவியால வந்தது" என்று நரி கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே சபித்தது. அதே வேளையில் வேலிக்குள் நான்கு ஓடுகளும் உடைந்து, நான்கு குஞ்சுகள் ஈரத்தோடு எழுந்து நின்றன. குருவி ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதது.

நீதி: ஊர் உங்களைத் தூற்றினால் கவலைப்படாதீர்கள், வேலியாவது போட்டுத் தருவார்கள். பாராட்டக் கிளம்பிவிட்டால் மட்டும், உடனே தும்முங்கள்.