காரணம் ஐயாவும் நான் படித்த மூன்று மணித்தியாலக் கனடாச் சட்டமும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, இந்த மண் நிற்காது, சரிந்துவிடும் என்று ஹட்டன் ஊரே சொன்ன இடத்தில் மூன்று மாடி லொட்ஜ் கட்டினேன், நிற்கிறது. மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் இறக்கினேன், இறங்குகிறது. கோயிலுக்கு மண்டபம் எழுப்பினேன். பதினெட்டு வருஷமாக அந்தக் கோயிலுக்குத் தலைவரும் நான்தான். இப்படிப்பட்ட என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கேள்வி கேட்டு வியர்க்க வைத்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் காரணம் ஐயாதான். டிசம்பர் மாதத்து ஹட்டன் குளிரில் வியர்த்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். வாலிபத்தில் கனடாவுக்குப் போய், ஹோட்டலில் பீங்கான் கழுவிக்கொண்டே படித்து, அங்கே லோயரானார். கொலை, கொள்ளை வழக்கெல்லாம் கிடையாது. அரசாங்கக் கந்தோரும் சபைகளும் ஒரு மனிதனைப் பற்றித் தீர்மானம் எடுத்தால், அதை முறையாகத்தான் எடுத்தார்களா என்று கேட்கிற சட்டம் அவருடையது. நிர்வாகச் சட்டம் என்று அதற்குப் பெயர். படியில் விழுந்து கால் முறிந்த அக்காவோடு இருக்க மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். அக்கா வீட்டில் சிக்னல் இல்லை. அவருக்கோ, வருஷா வருஷம் இத்தனை மணித்தியாலம் புதிதாகப் படித்தாக வேண்டும். படிக்காவிட்டால் லைசன்ஸை நிறுத்திவிடுவார்களாம். எனவே வகுப்பு நாட்களில் என் லொட்ஜுக்கு வந்துவிடுவார்.

வந்த முதல் வாரமே பட்டப்பெயர் விழுந்தது. பஸ் ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்பிவிட்டது என்று, அடுத்த பஸ்ஸின் கண்டக்டரிடம் காரணத்தை எழுத்தில் கேட்டார். லொட்ஜுக்கு எதிரே பாயின் சாப்பாட்டுக் கடையில் கோழிக் கொத்து ரொட்டி முடிந்துவிட்டது. விடுவாரா?

"எப்ப முடிஞ்சது? யாரு தீர்மானிச்சது? எனக்கு முன்கூட்டியே அறிவிச்சீங்களா?"

"கோழிதாங்க தீர்மானிச்சது" என்றார் பாய்.

"அதை எழுதித் தாங்க."

பாய் பில் தாளைக் கிழித்து, 'கோழி இல்லை, ஆகவே கொத்து இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். காரணம் ஐயா அதை இரண்டு தரம் வாசித்தார். "அருமையான தீர்மானம். ஒரு குறையும் சொல்ல ஏலாது" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெறும் ரொட்டியைச் சந்தோஷமாகத் தின்றார்.

லொட்ஜில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும். கனடாவில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே இரவு ஏழரை. மேலே கோட்டும் டையும், கீழே சாரமும் கம்பளிச் சொக்ஸும், தலைக்கு மேல் தொட்டியில் கட்டிய குடை. பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்து "குட் மார்னிங்" என்பார். முதல் நாள் உடுப்பு எடுக்க மேலே போன சலவைக்காரம்மா, கழுத்தில்லாமல் ஒரு டை பேசுகிறது என்று அலறிக்கொண்டு இறங்கியது வேறு கதை.

டிசம்பர் கடைசியில்தான் கஷ்டம் பிடித்தது. வருஷம் முடிவதற்குள் படிக்க இன்னும் மூன்று மணித்தியாலம் பாக்கி. அதற்கான கடைசி வகுப்பன்று பெரும் மழை, கரண்ட் கம்பியில் மரம் விழுந்து ஊரே இருட்டு, சிக்னலும் போய்விட்டது. காரணம் ஐயா கோட்டோடு நனைந்து படியில் இறங்கி வந்தார். இயற்கையிடம் காரணம் கேட்கவில்லை. அதைப் பார்த்துத்தான் விஷயம் பெரிது என்று எனக்கு விளங்கியது.

"என்னங்க லோயர் ஐயா, இன்னொரு நாள் படிச்சுக்கிட்டாப் போச்சு."

"பதிவு பண்ணின பாடம் இருக்குதுங்க முதலாளி. ஆனா தனியாப் பார்த்தா கணக்கில சேராது. இன்னொரு லோயர் கூட உட்கார்ந்து பார்த்து, விவாதிச்சு, குறிப்பு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ஜனவரியில அங்க ஒரு வயசான அம்மாவோட மேன்முறையீடு இருக்கு. அந்தம்மாவுக்கு என்னை விட்டா ஆள் இல்ல. லைசன்ஸ் இல்லாம நான் எப்படிப் போய் நிக்கிறது?"

ஹட்டனில் எனக்குத் தெரிந்த லோயர்மார் இரண்டு பேர். கோர்ட் லீவு என்று இருவருமே மாலை போட்டுக்கொண்டு ஐயப்பன் மலைக்குப் போயிருந்தார்கள்.

"அப்ப நான் உட்கார்றேன்" என்றேன்.

"நீங்க லோயர் இல்லைங்களே."

"பதினெட்டு வருஷமாக் கோயில்ல தீர்ப்புச் சொல்றேன். உங்க கனடாவில எத்தனை பேர் சொல்லியிருக்காங்க?"

சிரிப்பார் என்று நினைத்தேன். மனிதர் போனைத் திறந்து, அதில் சேமித்து வைத்திருந்த விதிகளைத் தேடினார். "'அல்லது, மற்றவர்களைப் பாதிக்கும் தீர்மானம் எடுக்கும் பொறுப்பில் உள்ளவர்'... முதலாளி! நீங்க இதுக்குள்ள வர்றீங்க!" கனடாச் சட்டத்துக்குள் நான் வருவேன் என்று அதை எழுதும்போதே யாரோ யோசித்திருக்கிறார்கள். புத்திசாலிகள்.

கரண்ட் வந்த மறுநாள் உட்கார்ந்தோம். திரையில் ஒரு வெள்ளைக்காரம்மா இங்கிலீசில் பேச, இவர் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். ஒருவரிடமிருந்து எதையும் பறிக்க முன்னால் அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும். சம்பந்தப்பட்டவரே தீர்ப்புச் சொல்லக் கூடாது. சொன்ன தீர்ப்புக்குக் காரணம் கொடுக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்ததுதானே என்று நானும் தலையாட்டினேன். பிறகு விவாதம்.

"நீங்க கடைசியா எடுத்த தீர்மானத்தைச் சொல்லுங்க."

பெருமையாகச் சொன்னேன். தேர்த் திருவிழாவில் சாமி வெளியே வரும்போது ஸ்பீக்கர் செட் முருகேசு ஒரு குத்துப் பாட்டைப் போட்டுவிட்டான். அன்றைக்கே, இனிக் கோயில் பக்கம் அவன் செட் வரக் கூடாது என்று தள்ளிவிட்டேன்.

"அவரைக் கூப்பிட்டு விசாரிச்சீங்களா?"

"விசாரிக்க என்ன இருக்கு? பாட்டு ஊருக்கே கேட்டுச்சே."

"காரணம் எழுதிக் கொடுத்தீங்களா?"

"என் மூஞ்சியப் பார்த்தே தெரிஞ்சிருக்கும்."

"மூஞ்சி ஆவணம் இல்லைங்க. இப்ப கூப்பிடுங்க அவரை."

முருகேசு வந்து வாசலிலேயே நின்றான். காரணம் ஐயா தன் நாற்காலியைக் கொடுத்து, "உங்க பக்கத்தைச் சொல்லுங்க" என்றார். முருகேசு என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், மறுபடியும் என்னைப் பார்த்தான்.

"சொல்லலாமா தலைவரே?"

"சொல்லேம்ப்பா, பயமா என்ன!"

"அன்னைக்குத் தேர் கிட்ட நின்னு நீங்கதானே போன் பண்ணினீங்க? 'என்னடா தூங்குற பாட்டாப் போடுற, ஜனம் எழும்பி ஆடுற மாதிரி ஒன்னு போடு'ன்னு. நான் போட்டேன். ஜனம் ஆடுச்சு. உங்க சம்சாரமும் ஆடினாங்க."

வியர்த்தேன் என்றேனே, அது இந்த இடத்தில்தான். சத்தியமாக மறந்து போயிருந்தேன். காரணம் ஐயா சிரிக்கவில்லை. "பாட்டுப் போடச் சொன்னதும் நீங்க, குற்றஞ் சாட்டினதும் நீங்க, தீர்ப்புச் சொன்னதும் நீங்க" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். நான் மன்னிப்பு என்றெல்லாம் இழுக்கவில்லை. "தைப்பொங்கலுக்கு நீதாண்டா செட்டு" என்றேன். முருகேசு கண்ணைத் துடைத்துக்கொண்டான். என் நெஞ்சிலிருந்தும் ஏதோ ஒரு கல் இறங்கியது. அது அங்கே இருந்ததே அதுவரை எனக்குத் தெரியாது.

குறிப்பில் என்னைப் பற்றி எழுதும்போது சண்டை வந்தது. 'கோயில் தலைவர், லொட்ஜ் உரிமையாளர், கல்வி ஐந்தாம் வகுப்பு' என்று போட்டார்.

"ஐந்தாம் வகுப்பை விட்டுருங்க ஐயா. காரியம் கெட்டுரும்."

"மறைச்சு வாங்கினா அது நிக்காது முதலாளி. உள்ளதச் சொல்லிக் கேட்போம்."

குறிப்பைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். முப்பதாந் திகதி பதில் இல்லை. முப்பத்தோராந் திகதி பொழுது பட்டதும் ஊர் பட்டாசு கொளுத்தத் தொடங்கிவிட்டது. காரணம் ஐயா தேநீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் கொத்து அனுப்பினார், கோழியோடு, தொடவில்லை. என் ஐந்தாம் வகுப்பால் ஒரு மனிதரின் பிழைப்புப் போகிறதே என்று நான் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு மொட்டை மாடியிலிருந்து ஒரு சத்தம். பட்டாசு இல்லை. மனிதச் சத்தம்.

ஓடிப் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு நின்றார். மூன்று மணித்தியாலத்தையும் ஏற்றுக்கொண்டார்களாம். முருகேசு விவகாரத்தை வாசித்துவிட்டு, இவ்வளவு நேர்மையான விவாதக் குறிப்பு தங்களுக்கு வந்ததில்லை என்றும் எழுதியிருந்தார்களாம். என்னைக் கட்டிப் பிடித்தார். இரண்டு பேருக்குமே மூச்சு அப்போதுதான் ஒழுங்காக வந்தது. பிறகு ஆறிப்போன கொத்தை ஆளுக்குப் பாதியாகத் தின்றோம்.

அவர் போய்விட்டார். அந்த அம்மாவின் மேன்முறையீட்டில் நின்று வென்றுவிட்டதாகப் போனில் சொன்னார். அந்த மூன்று மணித்தியாலம் படித்ததற்கான சான்றிதழையும் அனுப்பியிருந்தார். பேத்தி வாசித்துக் காட்டினாள். அதில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. மூன்று மணித்தியாலமும் பக்கத்தில் இருந்தவன் நான், தீர்மானம் என்னுடையது, தப்பும் என்னுடையது. ஆகவே கனடாக்காரர்களுக்கு இந்தப் பத்திரிகை வழியாகச் சொல்கிறேன்: என் பெயரையும் அதில் ஏற்றுங்கள். கீழே சின்ன எழுத்தில் போட்டாலும் சரி, அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.